வாக்கு என்றால் சொல்லா, ஓட்டா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"இணைய மாஃபியா ஆட்டத்தில் ஒருவரை நம்பலாமா கூடாதா என்று காட்டிக்கொடுப்பது அவர் பேச்சே! அவர் போடும் ஓட்டே!" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்குக் கிடைத்த பக்கம் ஓட்டு. கிடைக்காமல் போயிருந்தால் கேட்டு வாங்கியிருப்பேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் என் மனதில் ஒரு ஆற்றாமை ரொம்ப நாளாக இருக்கிறது.

நம் மொழியில் 'வாக்கு' என்று ஒரு சொல் இருக்கிறது. 'வாக்குக் கொடுத்தான்' என்றால் அது வாயால் சொன்னது. 'வாக்குச் சாவடிக்குப் போனான்' என்றால் அது விரலில் மை வைத்துக்கொண்டு போட்டது. இன்றைக்குச் சண்டை போடும் இரண்டு அணியுமே அந்த ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறோம், நடுவர் அவர்களே. வாயில் வந்த வாக்கை நம்புவதா, விரல் போட்ட வாக்கை நம்புவதா என்பதுதான் கேள்வி.

ஆட்டம் தெரியாதவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது பேர் ஒரு குழுவில் சேர்கிறோம். ஆட்டத்தை நடத்துகிறவர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு செய்தி அனுப்புவார்: நீ ஊர், அல்லது நீ மாஃபியா. ஏழு பேர் ஊர், இரண்டு பேர் மாஃபியா. மாஃபியா இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். ஊர்க்காரருக்கோ தன்னைத் தவிர வேறு யாரையும் தெரியாது. இரவில் மாஃபியா ஒருவரைத் தீர்த்துக்கட்டும். பகலில் எல்லோரும் பேசி, வெளிப்படையாக ஓட்டுப் போட்டு, ஒருவரை வெளியே அனுப்ப வேண்டும். போனவர் யார் என்பது போன பிறகுதான் தெரியும். மாஃபியா முழுக்கப் போய்விட்டால் ஊர் ஜெயித்தது. மாஃபியாவும் ஊரும் சரிக்குச் சரியாகிவிட்டால் ஊர் தோற்றது.

1986இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் இருந்த திமித்ரி டேவிடாஃப் என்பவர் உண்டாக்கிய ஆட்டம் இது. விஷயம் தெரிந்த சிறுபான்மைக்கும் விஷயம் தெரியாத பெரும்பான்மைக்கும் இடையில் நடக்கும் போட்டி என்பதுதான் அதன் கரு. 1997இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ப்ளாட்கின் மாஃபியாவை எடுத்துவிட்டு ஓநாய் மனிதனை வைத்தார், அது 'வேர்வுல்ஃப்' ஆனது. இதே கருவை வைத்து 2018இல் வந்த 'அமாங் அஸ்' என்ற வீடியோ ஆட்டம் 2020 ஊரடங்கில்தான் வீட்டுக்கு வீடு நுழைந்தது. நானும் அந்த ஊரடங்கில் உள்ளே போனவள்தான். இன்னும் வெளியே வரவில்லை.

மாஸ்கோவில் அவர்கள் ஒரே அறையில், எதிரெதிரே உட்கார்ந்து ஆடினார்கள். கண்ணைப் பார்க்கலாம், கை நடுங்குவதைப் பார்க்கலாம். நாம் ஆடுவது எழுத்தில். முகம் இல்லை, குரல் இல்லை. ஒரு சின்ன வட்டத்துக்குள் ஒரு படம், பக்கத்தில் நாலு வரி. அவ்வளவுதான்.

எதிரணித் தலைவர் அண்ணன் அடித்துச் சொன்னார்: "பொய் சொல்கிறவன் பதில் சொல்லத் தாமதிப்பான், சுற்றி வளைப்பான், அளவுக்கு மீறிக் கோபப்படுவான். நாலு வரி படித்தாலே எனக்குத் தெரிந்துவிடும்." அண்ணன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தத் 'தெரிந்துவிடும்' என்ற நம்பிக்கையை அளந்து பார்த்திருக்கிறார்கள். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் 206 ஆய்வு ஆவணங்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். அவற்றில் பொய்யா மெய்யா என்று தீர்ப்புச் சொன்னவர்கள் மொத்தம் 24,483 பேர். நூற்றுக்கு எத்தனை முறை சரியாகச் சொன்னார்கள் தெரியுமா? 54. ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிவிட்டாலே 50 கிடைக்கும், நடுவர் அவர்களே. மனிதன் தன் காதையும் கண்ணையும் வைத்துக்கொண்டு காசைவிட நாலு மதிப்பெண்தான் கூடுதலாக வாங்கியிருக்கிறான். அதிலும் பொய்யைப் பொய் என்று கண்டுபிடித்தது 47தான். பாதிக்கும் கீழே! அந்தப் பொய்களில் பலவற்றை முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். நம்மிடம் முகமும் இல்லை.

இப்போது என் ஆற்றாமைக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, வைத்திருக்கும் படத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அன்றைக்கு ஆடிய ஒன்பது பேர்: பம்பரம், மயில், லாரி, மல்லிகை, கடிகாரம், ரயில், பூனை, குடை, அப்புறம் நான். விதி இதுதான்: ஆட்டத்தின் ஒரு பகல் எங்களுக்கு ஒரு மாலை. இரவு பத்து மணிக்கு யார்மேல் அதிக ஓட்டு விழுந்திருக்கிறதோ அவர் வெளியே. நடுவில் ஓட்டை மாற்றிக்கொள்ளலாம்.

பம்பரம் என் பள்ளித் தோழன். அவனிடம் இருந்தது கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். 'ந' அடித்தால் 'ன' விழும். அழித்து அழித்து அடிப்பான். திரையின் மேலே 'பம்பரம் டைப் செய்கிறார்' என்று வரும், நிற்கும், மறுபடி வரும். மூன்று நிமிடம் கழித்து ஒரு வரி வந்து விழும்: "நான் இல்லப்பா." அவ்வளவுதான். இந்தப் பக்கம் மயில். பந்தி பந்தியாக எழுதுவார். "நாம் அவசரப்பட வேண்டாம், ஒவ்வொருவர் சொன்னதையும் ஒருமுறை திரும்பப் படித்துப் பார்ப்போம்" என்று ஆரம்பித்து, அத்தனை பேரையும் அலசி, கடைசியில் "நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்" என்று முடிப்பார். படித்தால் நம்ப வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

முதல் மாலை ஒன்பதரை மணிக்குக் கடிகாரத்தின்மேல் நாலு ஓட்டு: நான், மல்லிகை, பம்பரம், லாரி. பம்பரத்தின்மேல் மூன்று ஓட்டு: கடிகாரம், ரயில், பூனை. காரணம்? "ஏன் இவ்வளவு நேரம் டைப் செய்கிறான்? என்னத்தை அழிக்கிறான்?" இதுதான் காரணம். 9.52க்கு மயில் தன் ஓட்டைப் பம்பரத்தின்மேல் போட்டார். நாலுக்கு நாலு. 9.57க்குக் குடை குழம்பிப்போய்ப் பம்பரத்தின்மேலேயே போட்டது. ஐந்து. பம்பரம் வெளியே. நடத்துகிறவர் அறிவித்தார்: பம்பரம் ஊர்.

அன்றிரவு பம்பரம் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான். "நான் பேசுறது எல்லாம் பொய் மாதிரியா இருக்கு?" அதற்குப் பின் மூன்று வாரம் குழுவுக்கே வரவில்லை.

விளையாட்டுதானே என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மெதுவாக டைப் செய்கிறவன், ஆங்கிலம் கலந்து எழுதத் தெரியாதவள், புதிதாக வந்து பயந்து பயந்து பேசுகிறவர், இயல்பிலேயே நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். பேச்சை வைத்து எடைபோட்டால் முதலில் வெளியே போகிறவர்கள் இவர்கள்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் இவர்கள்தான். சரளமாக எழுதத் தெரிந்தவர் மாஃபியாவாக இருந்தாலும் கடைசிவரை உள்ளே இருப்பார். அப்படியானால் நாம் நேர்மையை அளக்கவில்லை, நடுவர் அவர்களே. எழுத்துத் திறமையை அளந்துவிட்டு அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, கதை முடியவில்லை. பம்பரத்தின் பேச்சு தடுமாறியது. ஆனால் அவன் ஓட்டு எங்கே போய் விழுந்தது? கடிகாரத்தின்மேல். அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் மாஃபியா லாரியைத் தீர்த்தது. மறுநாள் மாலை ஏழு பேர். நானும் மல்லிகையும் மறுபடி கடிகாரத்தின்மேல் ஓட்டுப் போட்டோம். கடிகாரமும் பூனையும் என்மேல் போட்டார்கள். இரண்டுக்கு இரண்டு. மூன்று பேர் பாக்கி. இந்த இடத்தில் குடை வந்து கடிகாரத்தின்மேல் போட்டது, மூன்று. முந்தின நாளின் தவறை நினைத்து ரயிலும் அங்கேயே போட்டது, நாலு. எல்லாம் முடிந்த பிறகு மயில் வந்தார், அழகான இரண்டு பந்தி எழுதினார், ஐந்தாவது ஓட்டைப் போட்டார். கடிகாரம் வெளியே. மாஃபியாதான்! குழுவே கொண்டாடியது. அன்றிரவு மல்லிகை போனாள்.

மூன்றாம் மாலை ஐந்து பேர் மிச்சம். ஒருவர் மாஃபியா. இதில் தவறினால் அடுத்த இரவோடு இரண்டு ஊர், ஒரு மாஃபியா. அப்புறம் இன்னொரு தவறுக்கு இடமில்லை. மயில் எழுதினார்: "கடிகாரம் மாஃபியா என்று தெரிந்துவிட்டது. அவருக்கு எதிராக ஓட்டுப் போடாதவர் பூனை மட்டும்தான். இரண்டு நாளும் கடிகாரத்தோடு ஒரே பக்கம் ஓட்டுப் போட்டதும் பூனைதான்." கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ரயில் உடனே பூனையின்மேல் ஓட்டுப் போட்டது. என் விரலும் பூனையின் பெயர்மேல்தான் இருந்தது.

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி கடன் கேட்டு வருகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். "இருங்க" என்று சொல்லிவிட்டு நீள நோட்டை எடுப்பார். போன மாதம் எந்தத் தேதியில் வாங்கினாய், எந்தத் தேதியில் கொடுத்தாய் என்பது மட்டும்தான் பேச்சு. அது ஞாபகம் வந்தது. விரலை எடுத்தேன். கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, இரண்டு நாள் ஓட்டையும் நேரத்தோடு வரிசையாக எழுதினேன்.

எழுதியதும் தெரிந்தது. யாருக்குப் போட்டார் என்பது பாதி விஷயம்தான். எப்போது போட்டார், அப்போது அந்த ஓட்டுக்கு என்ன வலு இருந்தது என்பது மீதிப் பாதி. முதல் நாள் பூனை பம்பரத்தின்மேல் ஓட்டுப் போட்டது மாலை ஏழு மணிக்கு. அப்போது கடிகாரத்துக்கு ஆபத்தே இல்லை, காப்பாற்ற வேண்டிய தேவையும் இல்லை. மயில் போட்டது 9.52க்கு. கடிகாரம் நாலு, பம்பரம் மூன்று என்று நின்றபோது. எட்டு நிமிடத்தில் கடிகாரத்தின் கதை முடியப்போகிற நேரத்தில், அவரைக் காப்பாற்றும் ஒரே ஓட்டு அது. மறுநாள் கடிகாரத்துக்கு எதிராகப் போட்டாரே என்றால், அது ஐந்தாவது ஓட்டு. அதைப் போடாமல் இருந்தாலும் கடிகாரம் போயிருப்பார். வலு இருந்தபோது கூட்டாளியைக் காப்பாற்றிய ஓட்டு, வலு போன பிறகு கூட்டாளிக்கு எதிராக விழுந்திருக்கிறது.

உடனே கேட்பீர்கள்: முதல் நாள் 9.57க்குப் பம்பரத்தை அனுப்பியது குடைதானே, அதன்மேல் ஏன் சந்தேகம் வரவில்லை? வந்தது. அதற்கும் நோட்டுதான் பதில் சொன்னது. இரண்டாம் நாள் இரண்டுக்கு இரண்டு என்று நின்ற நேரத்தில் குடை மாஃபியாவாக இருந்திருந்தால், தன் ஓட்டை என்மேல் போட்டுக் கூட்டாளியைச் சுலபமாகக் காப்பாற்றியிருக்கலாம். கடிகாரத்தின்மேல் போட்டது. அந்த ஒரு ஓட்டில் குடை கழுவப்பட்டுவிட்டது.

அந்தத் தாளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பூனையும் குடையும் நானும் மயிலின்மேல் ஓட்டுப் போட்டோம். மூன்றுக்கு இரண்டு. மயில் மாஃபியா. ஊர் ஜெயித்தது.

முதல் நாளே கடிகாரத்தைச் சரியாகக் காட்டியவர்கள் நாலே பேர், அதில் ஒருவன் பேசத் தெரியாதவன் என்று நாங்கள் துரத்திய பம்பரம்.

எதிரணியின் இளைய தம்பி ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. "ஓட்டிலும் வேஷம் போடலாமே? மாஃபியா தன் கூட்டாளிக்கு எதிராகவே ஓட்டுப் போட்டு நல்ல பெயர் வாங்குவதில்லையா?" வாங்குவார்கள். ஆடுகிறவர்கள் இதை 'பஸ்ஸிங்' என்பார்கள், கூட்டாளியை ஓடுகிற பஸ்ஸுக்கு அடியில் தள்ளுவது. ஆனால் தம்பி, அந்த வேஷத்துக்கு விலை என்ன என்று பாருங்கள். இரண்டு பேர் உள்ள மாஃபியாவில் ஒருவரை உண்மையாகவே பலிகொடுக்க வேண்டும். பாதிப் படையைக் கொடுத்து வாங்கும் நல்ல பெயர் அது. பேச்சில் போடும் வேஷத்துக்கு என்ன விலை? ஒன்றுமில்லை. "நான் ஊர், சத்தியமாக ஊர்" என்று நூறு முறை எழுதலாம், நூறும் இலவசம். விலை கொடுக்க மனமில்லாத மாஃபியாதான் மயிலைப் போலக் கடைசி ஓட்டாக வந்து ஒட்டிக்கொள்ளும், அங்கேதான் மாட்டும்.

சகோதரி ஒருவர் ஆராய்ச்சியோடு வந்திருந்தார். 'டிப்ளமசி' என்ற பலகை ஆட்டத்தை இணையத்தில் ஆடியவர்களின் செய்திகளை எடுத்து 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த ஆய்வு. கூட்டாளிகளுக்கு இடையே அன்பான பேச்சு, பணிவு, அடுத்த திட்டத்தைப் பற்றிய பேச்சு இவற்றின் சமநிலை திடீரென்று மாறினால், துரோகம் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தமாம். "பார்த்தீர்களா, பேச்சே காட்டிக்கொடுக்கிறது" என்றார். நான் அந்த ஆய்வை மறுக்கவில்லை, நல்ல ஆய்வு. ஆனால் அதன் மறுபாதியையும் சொல்ல வேண்டும் சகோதரி. அந்தச் செய்திகளைப் படித்துக்கொண்டே இருந்த கூட்டாளிக்கு, முதுகில் குத்து வாங்கப்போகிறவருக்கு, எதுவுமே உறைக்கவில்லை. கணிப்பொறி செய்திகளை வரிசைப்படுத்தி எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்த மாற்றம் தெரிந்தது. எண்ணுவதும், வரிசைப்படுத்துவதும், நேற்றையதை இன்றையதோடு ஒப்பிடுவதும் நோட்டுப் போடுகிற வேலை, நடுவர் அவர்களே. அது எங்கள் அணியின் வேலை. பேச்சைக்கூட நம்பத்தக்கதாக்க வேண்டுமென்றால் அதை ஓட்டைப் போலப் பதிவு செய்துதான் ஆக வேண்டியிருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் மாலை ஆரம்பிக்கும்போது நோட்டு வெறுமையாகத்தான் இருக்கும். அப்போது பேச்சைத் தவிர வேறு வழியில்லை. பேசினால்தான் ஓட்டு விழும், ஓட்டு விழுந்தால்தான் எனக்குக் கணக்கு. பேச்சே வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. முதல் நாளோடு அதன் அதிகாரத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

'அமாங் அஸ்' ஆடுகிற பிள்ளைகள் முன்வரிசையில் சிரிக்கிறார்கள், தெரிகிறது. "அக்கா, அதில் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதை மறைத்துவைக்கலாமே!" மறைக்கலாம். அறையை உருவாக்குகிறவர் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், யார் போட்ட ஓட்டு எது என்று ஆடுகிறவரின் நிறத்தைக் காட்டாமல் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக வரும். என் நோட்டு அங்கே செல்லாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் அந்த வசதியை வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள் கண்ணுகளா. ஓட்டைத் திறந்துவைத்தால் இம்போஸ்டர், அதாவது அந்த ஆட்டத்து மாஃபியா, சீக்கிரம் சிக்கிக்கொள்கிறான், ஆட்டத்தைக் கடினமாக்க வேண்டுமென்றால் ஓட்டை மூட வேண்டியிருக்கிறது. பேச்சை என்ன செய்தார்கள்? 2021இல் 'குயிக் சாட்' என்று கொண்டுவந்தார்கள், எழுதிவைத்த வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது. சொந்தமாக ஒரு வரி எழுதாமலேயே சந்திப்பு நடக்கிறது, ஆட்டமும் நடக்கிறது. அங்கே எந்தத் தொனியைக் கேட்டு எதிரணியினர் தீர்ப்புச் சொல்வார்கள்? எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தானே!

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிமிடம்.

மூன்று வாரம் கழித்துப் பம்பரம் திரும்பி வந்தான். நானாகக் கூப்பிடவில்லை, பூனைதான் கூப்பிட்டது. அந்தத் தாளின் படத்தை அவனுக்கு அனுப்பி, "உன் ஓட்டு எங்க இருக்குன்னு பாரு" என்று எழுதியிருக்கிறது. இப்போது எங்கள் குழுவில் ஓட்டுக் கணக்கு வைப்பவன் அவன்தான். பேச்சு அதே மாதிரிதான், நாலு வார்த்தை. ஆனால் ஒவ்வொரு மாலையும் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது யார், யாருக்கு, எத்தனை மணிக்கு என்று வரிசையாகப் போட்டு அனுப்புவான். 'ந'வும் 'ன'வும் இன்னும் மாறி மாறித்தான் விழுகிறது. நேரம் மட்டும் ஒரு நிமிடம்கூடப் பிசகியதில்லை.

இன்றைக்கும் ஆட்டம் இருக்கிறது, அவன் காத்துக்கொண்டிருப்பான். தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.